பாட்டாவை நடக்கவிடும் கருவி ஒன்று வேண்டும்: குமரி மாவட்டப் பொறியியல் கல்லூரிகளுக்கு ஒரு திறந்த மடல்

கன்னியாகுமரி மாவட்டத்துப் பொறியியல் கல்லூரி ஆசிரியர்களுக்கும் இறுதியாண்டு மாணவ மாணவியருக்கும்,

வணக்கம்.

நான் ஓர் இயன்முறை மருத்துவர். கல்குளம், விளவங்கோடு வட்டங்களில் வீடு வீடாகப் போய் முதியவர்களுக்கு, நம் ஊர்ப் பேச்சில் பாட்டாக்களுக்கும் பாட்டிகளுக்கும், பயிற்சி கொடுக்கிறேன். அவர்களில் கணிசமானோருக்கு மறதி நோய். டிமென்ஷியா என்று மருத்துவர் எழுதிய சீட்டு சில வீடுகளில் இருக்கும். மற்ற வீடுகளில் ‘வயதானால் அப்படித்தான்’ என்ற தீர்ப்பு மட்டும் இருக்கும்.

உங்கள் கல்லூரிகளில் ஆண்டு முடிவில் நடக்கும் புராஜெக்ட் கண்காட்சிகளைப் பார்க்க எனக்கு ஆர்வம் உண்டு. அழைத்தால் வந்துவிடுவேன். மறதி நோயாளிகளுக்கான கருவி என்று எழுதி வைத்த மேசை ஒன்றாவது எப்படியும் இருக்கிறது. மகிழ்ச்சிதான். ஆனால் அந்த மேசையில் இருப்பவை எந்தக் கல்லூரியானாலும் மாறுவதில்லை: வாசலைத் தாண்டினால் அலறும் சென்சார், கையில் கட்டும் ஜிபிஎஸ் பட்டை, கீழே விழுந்தால் மகனுக்குச் செய்தி அனுப்பும் பெல்ட், மாத்திரை நேரத்தில் ஆங்கிலத்தில் பேசும் டப்பா. எல்லாமே காவல்காரர் வேலை. இந்தக் கருவிகளுக்கு மிகவும் வசதியான நோயாளி யார் என்று யோசித்துப் பாருங்கள். காலை முதல் இரவு வரை நாற்காலியை விட்டு எழாதவர்தான். அவர் வாசலைத் தாண்ட மாட்டார், தொலைய மாட்டார், விழ மாட்டார். ஒரு சென்சாரும் அலறாது. கருவியின் கணக்கில் அவர் நலமாக இருக்கிறார். என் கணக்கில், நான் போகும் வீடுகளிலேயே வேகமாகச் சரிந்துகொண்டிருப்பவர் அவர்தான்.

நம் மாவட்டத்தில் இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் மஸ்கட்டிலும் துபாயிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். வீட்டின் முன்னறையில் கேமரா இருக்கிறது. மகன் வேலை இடைவேளையில் போனைத் திறந்து பார்க்கிறார், அப்பா இருக்கிறார். மாலையில் மறுபடியும் பார்க்கிறார், அப்பா அங்கேயே இருக்கிறார். அவருக்கு ஒரு நிம்மதி. கடல் கடந்து போய்ச் சம்பாதிக்கும் ஒருவருக்கு அந்த நிம்மதி தேவை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அப்பாவின் தொடைத் தசை கேமராவில் தெரியாது. ஆரோக்கியமான முதியவர்களை 10 நாட்கள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2007இல் வெளியானது. அந்தப் பத்து நாட்களில் அவர்கள் கால்களில் இழந்த தசை ஏறத்தாழ 1 கிலோ. அவர்கள் நோயில்லாதவர்கள், படுத்திருந்ததும் பத்தே நாட்கள். நம் பாட்டா மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்.

இது நாலு வீட்டுப் பிரச்சினையும் அல்ல. இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு மறதி நோய் இருப்பதாக, 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. எண்ணிக்கையில் அது ஏறத்தாழ 88 லட்சம்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான்: இவர்களை எழுப்பி அசைய வைக்கும் கருவி ஒன்று செய்யுங்கள். காவல் காக்கும் கருவிகள் போதுமான அளவு வந்துவிட்டன.

அப்படிச் செய்யும்போது, உடற்பயிற்சி மறதியைக் குணமாக்கும் என்று அறிக்கையின் முதல் பக்கத்தில் எழுதிவிடாதீர்கள். 2018இல் பிரிட்டனிலிருந்து வெளியான டாப்பா என்ற ஆய்வில், லேசான அல்லது நடுத்தர நிலையில் மறதி நோய் உள்ள 494 பேர் பங்கேற்றார்கள். ஒரு பிரிவினருக்கு நான்கு மாதங்கள் கண்காணிப்புடன், நடுத்தரம் முதல் கடுமை வரையிலான பயிற்சி தரப்பட்டது. உடல் வலு கூடியது. அறிவாற்றலின் சரிவு மட்டும் குறையவில்லை. அந்த முடிவு வந்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது, ஆனால் என் வேலையை மாற்றிக்கொள்ளத் தோன்றவில்லை. நான் பார்ப்பது வேறு கணக்கு. தானாக எழுந்து கழிவறைக்குப் போகிறாரா? இரவில் உறங்குகிறாரா? தண்ணீரைத் தானே எடுத்துக் குடிக்கிறாரா? தானாகக் கழிவறைக்குப் போகிறவருக்கும் தாங்கிக்கொண்டு போக வேண்டியவருக்கும் உள்ள வித்தியாசத்தை, அந்த வீட்டு மருமகளின் இடுப்பைக் கேட்டால் சொல்லும்.

நார்வேயின் பெர்கன் நகரில் மோட்டிவியூ என்று ஒன்றை உருவாக்கினார்கள். முதியோர் இல்லத்தில் ஒருவர் நாற்காலியில் அமர்ந்தபடி பெடல் மிதிக்கிறார். எதிரே உள்ள பெரிய திரையில் அவர் பிறந்து வளர்ந்த ஊரின் தெரு ஓடுகிறது, அவர் காலத்துப் பாட்டும் கேட்கிறது. அவர் படித்த பள்ளிக்கூடம் வருகிறது, பழைய கடை வருகிறது. அடுத்த வளைவில் என்ன வரும் என்று பார்க்கவே அவர் மிதிக்கிறார். இன்று பல நாட்டு முதியோர் இல்லங்கள், யார் அதிகக் கிலோமீட்டர் மிதித்தோம் என்று இந்தப் பெடலை வைத்துப் போட்டியே நடத்துகின்றன.

இதில் தொழில்நுட்பம் என்று பார்த்தால் ஒன்றும் பெரிதில்லை, உங்களில் ஒருவர் ஒரு மாதத்தில் செய்துவிடுவார். ‘காலை அசையுங்கள்’ என்று நான் சொன்னால் மறதி நோயாளிக்கு அது பொருளற்ற கட்டளை. எதற்கு அசைக்க வேண்டும் என்பது அடுத்த நிமிடம் அவர் நினைவில் இருக்காது. கண்ணெதிரே தெரிந்த சாலை ஒன்று இருந்தால், எதற்கு என்ற கேள்வியே எழுவதில்லை.

தக்கலை பக்கம் ஒரு பெரியவர் இருக்கிறார். அரசு பஸ் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். மகளின் பெயர் அவருக்குச் சில நாட்களில் வருவதில்லை. அவர் வீட்டில் ஒரு சோதனை செய்து பார்த்தேன். நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டம் வரை காரின் முன்கண்ணாடி வழியாகப் போனில் படம் பிடித்து, அதை அவர்கள் வீட்டு டிவியில் ஓட விட்டேன். உட்கார்ந்து மிதிக்கும் சிறிய பெடல் கருவி இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது, அதை அவர் காலடியில் வைத்தேன். பார்வதிபுரம் தாண்டியதும் மிதிக்கத் தொடங்கினார். சுங்கான்கடை, வில்லுக்குறி என்று ஒவ்வொரு நிறுத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். வெறும் பயிற்சி என்றால் மூன்று நிமிடத்தில் எழுந்துவிடுபவர், அன்று தக்கலை தாண்டி அழகியமண்டபம் வரை மிதித்தார்.

இரண்டு இடங்களில் சிக்கல் வந்தது. உங்கள் வேலை தொடங்குவது அங்கேதான்.

முதலாவது, ஒரு நிறுத்தத்தில் அவர் பெடலை நிறுத்தினார். வலது காலால் பிரேக்கும் மிதித்தார். படம் நிற்கவில்லை, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. பிரேக் பிடிக்காத வண்டியில் இருக்கும் பயம் அவர் முகத்தில் அப்படியே தெரிந்தது. டிவியை அணைத்துவிட்டேன். பெடலில் ஒரு காந்தம், பக்கத்தில் அதன் சுற்றை எண்ணும் ஒரு சென்சார், அந்த எண்ணிக்கைக்கேற்பப் படத்தின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு சிறு சிப். சைக்கிளின் வேகமானியில் இருப்பதும் இதுதான். கால் நின்றால் சாலை நிற்க வேண்டும், அதுவும் வெட்டென்று நிற்காமல் மெதுவாக நிற்க வேண்டும். எனக்கு இதைச் செய்யத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

இரண்டாவது, மேம்பாலம். பார்வதிபுரத்திலும் மார்த்தாண்டத்திலும் வந்திருக்கும் மேம்பாலங்கள் அவர் நினைவில் உள்ள சாலையில் இல்லை. அன்று அவர் வண்டியை நிறுத்தியது மார்த்தாண்டத்துக்கு முன்பே என்பதால் தப்பித்தோம். இன்னொரு நாள் படம் பாலத்தின் மேல் ஏறியபோது ‘வழி தப்பிவிட்டது’ என்று எழுந்துவிட்டார். எனவே பாலத்துக்குக் கீழே போய்ப் படம் பிடிக்க வேண்டும். கேமராவைத் தூக்கும் முன் அந்த ஊர்ப் பெரியவர் ஒருவரிடம், இந்தச் சாலை முன்பு எப்படி இருந்தது என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

எல்லாருக்கும் நெடுஞ்சாலை பொருந்தாது. ஒரு பாட்டிக்கு அவருடைய வழி சந்தைக்கும் குளத்துக்கும் கோயிலுக்கும் போன வழி. அவருக்காக வடசேரிச் சந்தைக்குள்ளும் தோவாளைப் பூச்சந்தைக்குள்ளும் நடக்கும் வேகத்தில் படம் பிடியுங்கள். ரப்பர் பால் வெட்டியவருக்கு விடியலுக்கு முந்தைய தோட்டப் பாதை. குளச்சல் பக்கத்தில் கரைமடி இழுத்தவருக்குப் பெடலே வேண்டாம், அவருடைய பலம் தோளில் இருக்கிறது. லேசாக எதிர்த்து இழுக்கும் ஒரு கயிறும், இழுக்க இழுக்க வலை கரையேறும் படமும் போதும். இதை யாராவது ஒரு குழு செய்துவிட்டால், கடற்கரை ஊர்களின் தேவாலயப் பங்கு மண்டபங்களில் அதை வைக்க இடம் வாங்கித் தருவது என் பொறுப்பு.

சில சில்லறை விஷயங்களும் உண்டு, ஆனால் கருவி வீட்டில் ஓடுமா ஓடாதா என்பதை அவைதான் முடிவு செய்கின்றன. நம் பெரியவர்கள் உடுத்துவது சாரம் என்கிற கைலி, பாட்டிகள் சேலை. இரண்டுமே பெடலில் சிக்கும், எனவே சுற்றும் பகுதி முழுவதும் மூடியிருக்க வேண்டும். சக்கரம் வைத்த நாற்காலியைக் கண்ணிலேயே காட்டாதீர்கள். கைப்பிடியுள்ள மர நாற்காலி, முதுகுப்பக்கம் சுவர். கறுப்பு மிதியடி விரித்து அதன்மேல் கருவியை வைத்தால், அது குழி என்று நினைத்துக் காலை வைக்க மாட்டார்கள். மாலையில் வெளிச்சம் குறைந்ததும் அணைத்த திரையில் தெரியும் தன் உருவத்தையே வேற்றாள் என்று நினைப்பவர்கள் உண்டு, திரைக்கு ஒரு துணி போடுங்கள். மதிப்பெண், பரிசுக் கோப்பை, சிவப்பு எழுத்தில் ‘மீண்டும் முயலுங்கள்’ போன்ற எதுவும் வேண்டாம். எழுபத்தெட்டு வயதில் ஒருவரை எதற்காகத் தோற்கடிக்க வேண்டும்?

எந்தக் கருவிக்கும் முன்பாக ஒன்று. காது கேட்கிறதா, கண்ணாடி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். மறதி நோய்க்கு வழி வகுக்கும், ஆனால் நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களை லான்செட் ஆணையம் 2024இல் பட்டியலிட்டது. உடல் உழைப்பின்மையோடு, கேட்கும் திறன் குறைவதும் பார்வை குறைவதும் அதில் இருக்கின்றன. ஆறு சென்சார் வைத்த கருவியைக் கொண்டுவந்த ஒரு குழு, பாட்டி ஏன் பதில் சொல்லவில்லை என்று அரை மணி நேரம் குழம்பியது. அவர் காதில் இருந்தது குறும்பிதான்.

காலுக்கு அடுத்தது கை. மறதி நோய்களில் பரவலான அல்சைமர் முதலில் தாக்கும் பகுதிகளில் ஒன்று மூளையின் ஹிப்போகேம்பஸ். புதிய நிகழ்வுகள் பதிவது அதன் உதவியால்தான். கைப்பழக்கத்தைக் காப்பது சிறுமூளை முதலிய வேறு பகுதிகள். அதனால்தான் காலையில் சாப்பிட்டதை மறந்தவரின் கை, ஓலை கொடுத்தால் முடைகிறது, பூ கொடுத்தால் கட்டுகிறது, கிழிந்த வலையைக் கொடுத்தால் முடிச்சுப் போடுகிறது. உண்மையான ஓலையும் பூவும் கிடைக்கும் வீட்டில் எந்த மின்னணுவும் தேவையில்லை. கிடைக்காத வீடுகளுக்கும் விரலில் வலு குறைந்தவர்களுக்கும் வேறு வழி இருக்கிறது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியில் உருவான டோவர்டாஃபல் என்ற கருவி, மேலிருந்து சாப்பாட்டு மேசையின் மீது ஒளிப்படங்களை வீழ்த்துகிறது. உதிர்ந்த இலைகளைக் கையால் தள்ளினால் அவை விலகுகின்றன, பூவைத் தொட்டால் மலர்கிறது, மீன் ஓடுகிறது. நான்கு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, தாங்கள் பயிற்சி செய்கிறோம் என்றே தெரியாமல் கையை நீட்டி மடக்குகிறார்கள். விலை பல லட்சம். ஒரு சாதாரண புரொஜெக்டரையும் கேமராவையும் கொண்டு நீங்கள் செய்தால் செலவு எவ்வளவோ குறையும். படத்தையும் மாற்றுங்கள். மேசையில் சாளையும் நெத்திலியும் ஓடட்டும், தோவாளை மாணிக்கமாலையின் பூ மடங்கட்டும்.

ஜப்பானில் பாரோ என்றொரு சீல் குட்டி ரோபோ இருக்கிறது. தடவிக் கொடுத்தால் கண் சிமிட்டும். அதைப் பின்பற்றி ஒரு ரோபோ செய்யலாமா என்று மாணவி ஒருவர் கேட்டார். முதியோர் இல்லத்துக்கு வேண்டுமானால் பார்க்கலாம். வீடு என்றால், பக்கத்து வீட்டில் கோழியும் ஆட்டுக்குட்டியும் இருக்கும்வரை அந்தப் பணத்தை மிச்சப்படுத்துங்கள் என்றேன்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீங்கள் பொருத்தும் கணினிக் குரல் ‘தங்கள் மருந்தை உட்கொள்ளும் நேரம் இது’ என்கிறது. அதைக் கேட்ட ஒரு பாட்டி, ரயில் வந்துவிட்டது என்று பெட்டியைத் தேடத் தொடங்கினார். மகளின் குரலையோ பேரனின் குரலையோ பதிவு செய்து வையுங்கள், அவர்கள் வீட்டில் பேசுகிற பேச்சிலேயே இருக்கட்டும். இன்னொன்று, நம் மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து இன்றைய தமிழ்நாட்டோடு இணைந்தது 1956 நவம்பர் 1 அன்று. அதற்கு முன் பள்ளிக்கூடம் போனவர்களில் மலையாளத்தில் எழுதப் படித்தவர்கள் உண்டு. நோய் முற்றும்போது பின்னால் கற்றது முதலில் நழுவுவதால், சிலர் பேச்சின் நடுவே சின்ன வயது மொழிக்குப் போய்விடுகிறார்கள். இரு மொழியிலும் பேசத் தெரியாத கருவி, கேரள எல்லையிலுள்ள களியக்காவிளை பக்கத்து வீடுகளில் பாதி ஊமைதான். தொடுதிரை, பட்டியல், கடவுச்சொல் எதுவும் வேண்டாம். திருகினால் பாடும் வானொலிக் குமிழ் அவர்கள் விரலுக்குத் தெரியும். 1984 முதல் நாகர்கோவில் வானொலியைக் கேட்டவர்கள் அவர்கள். குமிழைத் திருகினால் சாலை ஓட வேண்டும், அவ்வளவுதான்.

அப்படியானால் ஜிபிஎஸ் வேண்டாமா? வேண்டும். வழி தப்பிப் போனவர் களியக்காவிளை தாண்டும் பஸ்ஸில் ஏறிவிட்டால் அடுத்த மாநிலம், வேறு காவல் நிலையம், வேறு மொழியில் விசாரணை. தேடி அலைந்த குடும்பங்களோடு நானும் அலைந்திருக்கிறேன். ஆனால் நீங்கள் வரையும் எல்லைக்கோடு வீட்டு வாசலில் இருக்கிறது. அதை டீக்கடை வரை, கோயில் திடல் வரை தள்ளி வையுங்கள். அந்த எல்லைக்குள் அவர் தனியாக நடக்கட்டும். தாண்டினால் முதல் செய்தி துபாய்க்குப் போக வேண்டாம், சந்திப்பில் நிற்கும் ஆட்டோக்காரருக்குப் போகட்டும். இரண்டு நிமிடத்தில் போய்க் கூட்டி வரக்கூடியவர் அவர்தான். அப்படிச் செய்தால் இந்தக் கருவி அவரைப் பூட்டி வைக்காமல் வெளியே அனுப்பும். எங்கே கட்டுவது என்பதையும் யோசியுங்கள். கைக்கடிகாரத்தைக் கழற்றி எறிகிறார்கள், செருப்பில் வைத்தால் வெறுங்காலோடு போகிறார்கள். ‘அரைஞாண் கயிற்றைத் தவிர அவர் உடம்பில் எதுவும் நிற்காது’ என்று ஒரு மனைவி சொன்னார். எனக்குக் கிடைத்த வடிவமைப்புக் குறிப்புகளில் இதைவிடச் சிறந்தது இல்லை.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். புதுமை என்ற தலைப்பில் நீங்கள் மதிப்பெண் கொடுப்பதால், ஒவ்வொரு குழுவும் முதலிலிருந்து தொடங்குகிறது. போன ஆண்டுக் கருவி அலமாரியில் கிடக்கிறது. மாணவர்கள் விரும்பி நோயாளியின் வீட்டில் வைத்துவிட்டுப் போன கருவிகளும் ஜூன் மாதம் செத்துவிடுகின்றன. சிம்முக்கு ரீசார்ஜ் இல்லை, பேட்டரி உப்பிவிட்டது, கேட்பதற்கு ஆள் இல்லை, மாணவர் சென்னையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். முந்தைய குழுவின் கருவியை எடுத்துப் பழுது நீக்கி, இன்னும் இரண்டு வீட்டில் ஓடவிட்ட குழுவுக்கு முழு மதிப்பெண் கொடுங்கள். மார்த்தாண்டத்தில் போன் பழுது பார்க்கும் கடைக்காரர் பிரித்துப் பார்த்துச் சரிசெய்யக்கூடியதாகக் கருவி இருக்கிறதா என்பதையும் மதிப்பெண்ணில் சேருங்கள்.

நோயாளிகளை வைத்து முறையாக ஆய்வு செய்ய நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கே பேசுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடுகளுக்குப் போகும் தன்னார்வலர்களுக்கும் இயன்முறை மருத்துவர்களுக்கும் எந்த வீட்டில் யார் உட்கார்ந்தே இருக்கிறார்கள் என்பது தெரியும். இதய நோயும் மூட்டு வலியும் உள்ளவர்களுக்கு எவ்வளவு மிதிக்கலாம் என்பதை அந்தத் திட்டத்தின் இயன்முறை மருத்துவர்களோ நாங்களோ சொல்கிறோம். நோயாளிக்குப் புரியும் அளவுக்கு அவரிடமும் அனுமதி கேளுங்கள். வேண்டாம் என்று தலையை அசைத்தால் அன்றைக்கு வேண்டாம்.

மக்களே, புராஜெக்ட் தலைப்பு எழுதிக் கொடுக்கும் முன் என்னோடு ஒரு காலை வாருங்கள். சனிக்கிழமைகளில் ஒன்பதரை மணிக்குத் தக்கலையிலிருந்து கிளம்புவேன். ஒரு வீட்டுக்கு இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். மாலையில் வர வேண்டாம், நான்கு மணிக்கு மேல் பலருக்குப் படபடப்பு தொடங்கிவிடும். கல்லூரி அடையாள அட்டையைப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள், கழுத்தில் பார்த்தால் ஏதோ அதிகாரி வந்திருக்கிறார் என்று பயந்துவிடுவார்கள். முதல் நாள் எந்தக் கருவியும் கொண்டுவர வேண்டாம். போனில் உங்கள் ஊர்ச் சாலையைப் பத்து நிமிடம் படம் பிடித்துக்கொண்டு வந்தால் போதும்.

இப்படிக்கு,
ஓர் இயன்முறை மருத்துவர்
கல்குளம் வட்டம்